வழிவிட்ட பெயர்கள்

"மாமா, இந்த மேப்பை வரைஞ்ச பொண்ணே இவ்வளவு நேரம் இதைப் பார்த்திருக்க மாட்டா. வாங்க போகலாம். கழிப்பறைக்கு வர்றவங்கல்லாம் நம்மள வரிசையில நிக்கிறோம்னு நெனச்சு பின்னாடி நிக்கிறாங்க."

நகராட்சி அலுவலகத் தாழ்வாரத்தில், குடிநீர்ப் பிரிவுக்கும் கழிப்பறைக்கும் நடுவே ஒட்டியிருந்த அந்தப் பெரிய வரைபடத்தில் மூக்கு உரசாத குறையாக நின்றுகொண்டிருந்தார் வக்கீல்.

வக்கீல் என்று ஊரே கூப்பிட்டாலும் அவர் வக்கீல் இல்லை. சட்டப் படிப்பைப் பாதியில் விட்டவர். படிப்பு போனாலும் பட்டப்பெயர் போகவில்லை. இப்போது காணாமல் போனவர்களையும் கம்பி நீட்டியவர்களையும் தேடித் தருவதுதான் தொழில். பக்கத்தில் நின்று அவசரப்படுத்தியவள், ஓயாத வாய்க்காக ரேடியோ என்று பெயர் வாங்கியவள், அவருடைய மனைவியின் தங்கை. அச்சகத்தில் பக்கம் கோர்க்கும் வேலை பார்த்தவள். அச்சகத்தை மூடியதும், வேறு வேலை கிடைக்கும்வரை அக்கா வீட்டுக்காரருக்கு ஒத்தாசையாக இருக்கலாம் என்று வந்தாள். வந்தவள் வாயை மூடவும் இல்லை, வேறு வேலை தேடவும் இல்லை.

தேடி வந்த வழக்கு சாதாரணமாகத்தான் ஆரம்பித்தது. 'சென்டர் சார்' என்று அந்தப் பகுதி முழுக்க அறிந்த ஒரு பெரியவர் வந்தார். ஒரு காலத்தில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தி நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு வெப் பேஜ் செய்யச் சொல்லிக் கொடுத்தவர். மனைவி இல்லை. ஒரே மகள். வரைபடம் தயாரிக்கும் கம்பெனியில் வேலை பார்த்தவள் ஒரு நாள் பையை எடுத்துக்கொண்டு போனாள், திரும்பவில்லை. வளர்ந்த பெண், தானாகப் போனாள், தானாக வருவாள் என்று காவல் நிலையத்தில் கைவிரித்துவிட்டார்கள். பெரியவர் வக்கீலின் கையைப் பிடித்துக்கொண்டு அழுத அழுகையில் ரேடியோவும் சேர்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வக்கீல் துருவித் துருவிக் கேட்டதில் அவரிடமிருந்து வந்த ஒரே துப்பு இதுதான். மகள் கடைசியாகச் செய்த வேலை, பழைய பேட்டரி தொழிற்சாலை இருந்த மனையில் எழும்பும் புதுக் குடியிருப்பின் வரைபடம். அது நகராட்சிச் சுவரில் ஒட்டியிருக்கிறது.

"ரேடியோ, பஸ்ல ஏறுற. ஜனம் நெருக்கியடிச்சு நிக்குது. ஆனா ஜன்னலோரமா ஒரு சீட் காலியா இருக்கு. என்ன நெனப்ப?"

"யாரோ வாந்தி எடுத்து வச்சிருக்காங்கன்னு நெனப்பேன்."

"வாந்தி இல்லைன்னா?"

"ஆணி நீட்டிட்டு இருக்கும். எதுக்கு மாமா இப்ப பஸ்?"

"இங்க பாரு."

அவருடைய விரல் வரைபடத்தின் நடுவில் இளம்பச்சையாகக் கிடந்த பூங்காவின் மேல் நின்றது. ரேடியோ எட்டிப் பார்த்தாள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு பக்கம் கோர்த்துப் பழகிய கண் விழித்துக்கொண்டது. 'விளையாட்டுத் திடல்' என்ற எழுத்து, நடுவில் அத்தனை இடம் இருந்தும், பூங்காவின் மூலையில் ஒண்டிக்கொண்டிருந்தது. 'நடைபாதை' வேலிப் பக்கமாக ஒதுங்கியிருந்தது. 'மூன்றாம் குறுக்குத் தெரு' இரண்டாக உடைந்து தெருவுக்கு வெளியே தள்ளப்பட்டிருந்தது. நடுவில் சுத்தமான பச்சை. ஒரு புள்ளி கூட இல்லை.

"லேஅவுட் தெரியாதவ வேலை" என்றாள்.

"மத்த இடமெல்லாம் பாரு. எவ்வளவு லட்சணமா வச்சிருக்கா."

உண்மைதான். மற்ற இடங்களில் ஒவ்வொரு பெயரும் வீட்டுக்கு வந்த மரியாதையான விருந்தாளி மாதிரி அதனதன் இடத்தில் உட்கார்ந்திருந்தது. தெருப் பெயர் தடித்த எழுத்தில், அதற்குக் கீழே பழைய பெயர் சிறியதாகச் சாய்ந்து, தண்ணீர் சம்பந்தப்பட்டதெல்லாம் நீலத்தில்.

"பேரையெல்லாம் கையால வைக்க மாட்டாங்க மாமா. ஒண்ணு மேல ஒண்ணு ஏறாம கம்ப்யூட்டரே தள்ளித் தள்ளி வச்சுக்கும்" என்றாள் ரேடியோ.

"சரி. அப்ப இவங்கல்லாம் யாருக்கு வழிவிட்டு நிக்கிறாங்க?"

ரேடியோவின் வாயில் தயாராக இருந்த கிண்டல் அப்படியே நின்றது. காலியான பச்சையைப் பார்த்தாள். இப்போது அது காலியாகத் தெரியவில்லை. கண்ணுக்குத் தெரியாத யாரோ அங்கே காலை நீட்டிப் படுத்திருப்பது போல இருந்தது.

போனை எடுத்தாள். நகராட்சியின் இணையப் பக்கத்தில் அதே வரைபடம் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டிருந்தது. இறக்கினாள். பூங்காவைப் பெரிதாக்கினாள். பச்சை. இன்னும் பெரிதாக்கினாள். பச்சை.

"கண்ணுக்குத்தான் டிமிக்கி கொடுக்க முடியும்" என்று முணுமுணுத்தபடி, படத்திலிருந்த எழுத்து அத்தனையையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, நகல் எடுத்து, தனக்குத்தானே அனுப்பும் செய்தியாக ஒட்டினாள். தெருப் பெயர்கள் மளமளவென்று கொட்டின. கொம்பும் காலும் இடம் மாறி, எழுத்துகள் கன்னாபின்னாவென்று கிடந்தன. அச்சகத்தில் இதைவிட மோசமானதையெல்லாம் பார்த்தவள் ஆயிற்றே. விரலால் தள்ளிக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்றாள்.

'பைழய அமிலக் குழி ேதாண்டக் கூடாது.'

"மாமா" என்றாள். குரல் இறங்கியிருந்தது. "பழைய அமிலக் குழி. தோண்டக் கூடாது. இது படத்துல இருக்கு. ஆனா கண்ணுக்குத் தெரியல."

வக்கீல் போனை வாங்கிப் படித்தார். நேராகப் பொறியாளர் அறைக் கதவைத் தட்டினார்.

பொறியாளர் அவர்கள் சொன்னதை முழுக்கக் கேட்டார். அந்த மட்டில் நல்ல மனிதர்தான். கேட்டுவிட்டுக் கையை விரித்தார்.

"முதல் வரிசை வீடுகள்ல ஜனம் குடிவந்தாச்சு, பூங்காவுல ஊஞ்சலுக்கும் சறுக்குக்கும் அஸ்திவாரம் போடுறோம். இன்னிக்கு மத்தியானம் ஜேசிபி இறங்குது. படத்துல இல்லாத ஒரு குழிக்காக நான் எப்படிங்க வேலையை நிறுத்துறது? உங்க போன்ல வந்திருக்கற எழுத்தைப் பாருங்க, அது தமிழ் மாதிரியே இல்ல. அந்த மேப் கம்பெனிகிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க. நிறுத்துறேன்."

மேப் கம்பெனி ஒரு டயர் கடையின் மாடியில் இருந்தது. ரப்பர் நாற்றம் படியேறி அவர்களுக்கு முன்னால் உள்ளே போய் உட்கார்ந்திருந்தது. மேனேஜர் இளைஞர். பார்த்ததும் ரேடியோவுக்குப் பிடிக்கவில்லை. கேள்வி கேட்பதற்கு முன்பே பதில் சொல்கிறவரை யாருக்குத்தான் பிடிக்கும்?

"வேலையை விட்டுத் தூக்கினது நான்தான். ஆனா அவங்க காணாமப் போனதுக்கும் எனக்கும் சம்பந்தமே இல்ல."

"சம்பந்தம் இருக்குன்னு நாங்க இன்னும் சொல்லலையே சார்" என்றாள் ரேடியோ. "அவசரப்பட்டு நீங்களே ஆரம்பிக்கிறீங்க."

மேனேஜர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "அந்தப் படம் சுவத்துல ஒட்டின அன்னிக்கு ஓடி வந்தாங்க. படத்தைத் திரும்ப வாங்குங்க, தப்பு இருக்குன்னாங்க. என்ன தப்புன்னேன். சொல்லல. யாரு பண்ணதுன்னேன். நான்தான்னு சொல்லிட்டு அழுறாங்க. நானே பண்ணேன், நானே சரி பண்றேன், ஏன்னு மட்டும் கேக்காதீங்கன்னா எந்த மேனேஜர் ஒத்துக்குவான்? கோவத்துல போகச் சொல்லிட்டேன்."

"படத்தோட கோப்பு இங்க இருக்கா?"

"கடைசி கோப்பு அவங்க வீட்டிலிருந்து அனுப்பினது. நாங்க தொடக்கூட இல்ல, அப்படியே அச்சுக்குப் போச்சு. லேபிள், அதான் படத்துல வர்ற பேருங்க, எத்தனை இருக்கணுமோ அத்தனை இருக்கான்னு மட்டும் கம்ப்யூட்டர் எண்ணிப் பார்த்துச்சு. சரியா இருந்துச்சு."

கோப்பைத் திறந்து காட்டக் கூப்பிட்ட பெண்ணுக்குக் கண்ணாடி அத்தனை கனமாக இருந்தது. அலுவலகமே அவளைச் சோடாபுட்டி என்றுதான் கூப்பிட்டது, அவளும் திரும்பிப் பார்த்தாள். காணாமல் போனவளின் பக்கத்து இருக்கைக்காரி. மேனேஜருக்குப் போன் வந்து அவர் நகர்ந்ததும், திரையைப் பார்த்தபடியே ரேடியோவிடம் கிசுகிசுத்தாள்.

"அக்கா, அவ நல்லா இருக்கா. எங்க அத்தையோட சலவைக் கடை மாடியில தங்க வச்சிருக்கேன். மேம்பாலத்துக்குக் கீழ. சாப்பிட மாட்டேங்கறா, தூங்க மாட்டேங்கறா. எனக்குப் பயமா இருக்கு. நீங்க வந்து பேசுங்க. யார்கிட்டயும் மட்டும் சொல்லிடாதீங்க."

ரேடியோவுக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. யார்கிட்டயும் சொல்லாதே என்றால் சரி. ஆனால் பெற்ற அப்பா 'யாரோ' ஆகிவிடுவாரா? அந்தப் பெரியவர் அழுதது அவள் கண்ணிலேயே நின்றது. வக்கீல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவதற்குள், அவள் படிக்கட்டுக்கு வந்து எண்ணை அழுத்தினாள்.

"சார், உங்க பொண்ணு கெடச்சிட்டாங்க! பத்திரமா இருக்காங்க. மேம்பாலத்துக்குக் கீழ சலவைக் கடை இருக்குல்ல, அதோட மாடியில."

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"லேப்டாப் பாப்பாகிட்டதான் இருக்கா?"

"ம்... இருக்கும் சார். பையோடதானே போனாங்க."

போன் துண்டிக்கப்பட்டது. ஒரு நன்றி கூட இல்லை. சந்தோஷத்தில் மனுஷனுக்கு வார்த்தை வரவில்லை என்று ரேடியோ தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனாலும் ஏதோ ஒன்று சட்டைக்குள் புகுந்த மயிர் போல உறுத்திக்கொண்டே இருந்தது.

உள்ளே சோடாபுட்டி வக்கீலுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள்.

"ஒரே லேபிள்ல ஒரு வார்த்தை தடியா, அடுத்த வார்த்தை சின்னதா, சாய்வா, வேற கலர்ல வேணும்னா எச்.டி.எம்.எல். போடுவோம் சார். வெப் பேஜ்ல போடுவாங்களே, அதேதான். லேபிளுக்கு ஒரு டிக் அடிச்சுட்டா போதும். அப்புறம் எழுத்துக்கு முன்னாடி ஒரு கட்டளை, பின்னாடி அதை மூடுற கட்டளை. நடுவுல இருக்கற எழுத்து சொன்னபடி மாறிடும்."

"எழுத்துக்கும் மேக்கப்பா?" என்றாள் ரேடியோ, உறுத்தலை உதறிவிட்டு.

"ஆமாக்கா. இதோ பாருங்க, இதெல்லாம் அவ எழுதினது. ஸ்பான், ஸ்டைல், ஃபான்ட் சைஸ். எல்லாம் சின்ன எழுத்துல. ஒவ்வொண்ணையும் மூடியிருக்கா பாருங்க. அவ வீட்டுக் கதவைக்கூட இப்படிப் பூட்ட மாட்டா."

"பூங்கா நடுவுல இருக்கறதைக் காட்டும்மா" என்றார் வக்கீல்.

சோடாபுட்டி கீழே தள்ளிக்கொண்டே போனாள். நின்றாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள்.

"கலர்... பூங்காவோட பச்சையையே எழுத்துக்கும் கொடுத்திருக்கு. கலர் நம்பர்கூட அதேதான். அதான் தெரியல. வார்த்தை அங்கேயேதான் இருக்கு, இடத்தையும் அடைச்சுக்கிட்டு."

"ஏன் அழிக்கல? அழிச்சிருந்தா பேச்சே இல்லையே."

"அழிச்சா எண்ணிக்கை குறையும் சார். மாட்டிக்குவாங்க. ஆனா..." அவள் குரல் தடுமாறியது. "இது அவ எழுதினது இல்ல."

"எப்படிச் சொல்ற?"

"பாருங்க. இங்க ஸ்பான் இல்ல. 'ஃபான்ட் கலர்'னு போட்டிருக்கு, அதுவும் முழுக்க கேப்பிடல்ல, பெரிய எழுத்துல. கடைசியில மூடவும் இல்ல. இப்படி இப்ப யாரும் எழுதறது இல்ல சார். நான் புஸ்தகத்துலதான் பார்த்திருக்கேன். இன்டர்நெட் வந்த புதுசுல கத்துக்கிட்டவங்கதான் இப்படி எழுதுவாங்க. எங்க அப்பா வயசு ஆளுங்க."

வக்கீல் மெதுவாக மேனேஜரின் பக்கம் திரும்பினார். இளைஞர். இருபத்தைந்தைத் தாண்டியிருந்தால் அதிகம். மறுபடி ரேடியோவின் பக்கம் திரும்பினார்.

"கோப்பு போனது வீட்டிலிருந்து. வீட்ல இருக்கறது ரெண்டு பேரு. ஒருத்தி எழுதல." அவர் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார். "நம்ம பெரியவர் சென்டர்ல பசங்களுக்கு என்ன சொல்லிக் கொடுத்தேன்னாரு?"

ரேடியோ கையிலிருந்த போனைப் பார்த்தாள். "வெப் பேஜ்..." என்றாள். "மாமா. நான் இப்பதான் அவருக்குப் போன் பண்ணேன். அட்ரஸ் சொல்லிட்டேன்."

வக்கீல் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"பொண்ணு எப்படி இருக்கான்னு கேட்டாரா?"

"இல்ல. லேப்டாப் இருக்கான்னுதான் கேட்டாரு."

பொறியாளருக்குப் போன் போட்டு ஜேசிபியை நிறுத்தச் சொல்லும்படி மேனேஜரிடம் கத்திவிட்டு, அதற்குள் வக்கீல் படிக்கட்டில் இருந்தார்.

வக்கீலின் பழைய கார் என்றைக்கும் இல்லாத அதிசயமாக முதல் திருகலிலேயே கிளம்பியது. ரேடியோ ஓட்டினாள். ஆரனிலிருந்து கையை எடுக்கவில்லை. வாய் மட்டும் ஓயாமல் ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருந்தது. "அழுதாரே மாமா. நெசமா அழுதாரே."

"நெசமாத்தான் அழுதிருப்பாரு" என்றார் வக்கீல். "அதனாலதான் எனக்கும் தெரியாமப் போச்சு."

சலவைக் கடையில் வெள்ளைப் போர்வைகள் கொடிகொடியாகத் தொங்கின. ஆவியில் எதிரில் வருபவர் முகம் தெரியவில்லை. போர்வைகளை விலக்கிக்கொண்டு மாடிப்படியில் ஓடினார்கள். கதவு திறந்திருந்தது.

சண்டை இல்லை, சத்தம் இல்லை. சென்டர் சார் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் லேப்டாப். மகள் ஜன்னலோரம் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். மெலிந்துபோய், தலை வாராமல், அப்பாவின் விரல்கள் விசைகளில் ஓடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். தடுக்கவில்லை.

"அந்த வரியை அழிச்சிட்டேன்" என்றார் அவர், அவர்களைப் பார்த்து. பாடம் முடித்த வாத்தியார் குரல். "இனிமே ஒண்ணும் இல்ல. உங்களுக்கு ரொம்ப நன்றி. பாப்பா, கிளம்பும்மா. வீட்டுக்குப் போலாம்."

"அந்த வரி எங்க போன்ல இருக்கு சார்" என்றார் வக்கீல். "கம்பெனியில இருக்கு. நகராட்சி இணையப் பக்கத்துல ஊர் முழுக்க இறக்கிக்கற மாதிரி இருக்கு. எதைன்னு அழிப்பீங்க?"

பெரியவரின் கை விசைமேல் நின்றது. லேப்டாப்பை மூடினார். மூடிய லேப்டாப்பின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டார்.

மகள்தான் முதலில் பேசினாள். ரேடியோவைப் பார்த்துப் பேசினாள், அப்பாவைப் பார்க்க முடியாமல்.

"அந்தப் பேட்டரி கம்பெனியில அப்பாதான் ஸ்டோர் மேனேஜர். சென்டர் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி. எனக்குத் தெரியவே தெரியாது. பழைய பிளான் ஒண்ணு ஸ்கேன் பண்ணி வந்துச்சு, அதுல குழின்னு இருந்துச்சு, நானா லேபிள் போட்டேன். வீட்ல உக்காந்து போட்டேன். அப்பா பின்னாடி நின்னு பார்த்துட்டு இருந்தாங்க. டீ போட்டுக் கொடுத்தாங்க." அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அச்சான படத்துல அது இல்ல. கோப்பைத் திறந்தேன். அந்தப் பெரிய எழுத்தைப் பார்த்ததும் தெரிஞ்சு போச்சு. எனக்கு எச்.டி.எம்.எல். கத்துக் கொடுத்ததே அவங்கதான். மூடுற கட்டளையை எப்பவும் மறந்துடுவாங்க. நான்தான் மூடுவேன்."

"முதலாளி சொன்னாரு, புதைச்சோம்" என்றார் சென்டர் சார். "இன்னிக்குக் கிளறினா முதலாளி இருக்காரா பதில் சொல்ல? எல்லாரும் போயாச்சு. நான் ஒருத்தன்தான் பாக்கி. என்னைத்தான் பிடிப்பாங்க. அப்புறம் உன்னைத்தான் கைகாட்டிப் பேசுவாங்க. உனக்காகத்தாம்மா."

"எனக்காகவா?" அவள் முதன்முறையாக அவரைப் பார்த்தாள். "படத்தோட மூலையில வரைந்தவர்னு யார் பேருப்பா இருக்கு? மறைக்கணும்னா உங்க பேர்ல மறைச்சிருக்கலாமே. ஏன் என் பேர்ல மறைச்சீங்க?"

அவர் மூடிய லேப்டாப்பின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

வக்கீல் பொறியாளரைப் போனில் பிடித்து, எல்லோரும் கேட்கும்படி வைத்தார். பின்னால் இயந்திரத்தின் உறுமல் கேட்டது.

"பூங்காவுலதான் நிக்கிறேன்" என்று கத்தினார் பொறியாளர். "ஜேசிபி இறங்கிடுச்சு. கம்பெனி மேனேஜர் இப்பதான் பேசினாரு. இருந்தாலும் எழுத்துல ஏதாவது..."

"நிறுத்துங்க சார்! கையோட நிறுத்துங்க!" என்றாள் ரேடியோ.

"தோண்டட்டும் விடுங்க" என்றார் சென்டர் சார். களைத்த குரல், யாரிடமும் சொல்லாமல் தனக்குள் பேசியது போல. "அங்க ஒண்ணும் இல்ல."

வக்கீல் குனிந்து, பெரியவரின் முகத்துக்கு நேராகத் தன் முகத்தைக் கொண்டுவந்தார்.

"அங்க இல்லன்னா எங்க சார்?"

தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது அப்போதுதான் பெரியவருக்கே உறைத்தது.

"அப்பா" என்றாள் மகள். "எங்கப்பா?"

அவர் லேப்டாப்பைத் திறந்தார். வரைபடம் திரையில் விரிந்தது. விரல் பூங்காவின் பச்சையைத் தொட்டது, தயங்கியது, வேலியைத் தாண்டி, நடைபாதையைத் தாண்டி, முதல் வரிசை வீடுகளுக்குப் பின்னால் இருந்த ஒரு நீலக் கட்டத்தின் ஓரத்தில் போய் நின்றது. அதன் மேல் அழகான நீல எழுத்தில் மகள் எழுதியிருந்தாள்: 'நிலத்தடிக் குடிநீர்த் தொட்டி.'

"பிளான்ல காட்டின இடத்துல பாறை. வெட்ட முடியல" என்றார். "இங்க, இந்தத் தொட்டி வந்திருக்கற இடத்தை ஒட்டி வெட்டினோம். பிளானைத் திருத்தலை. கான்கிரீட் தொட்டிதானே, கெட்டியா கட்டியிருப்பாங்க, உள்ள இறங்காதுன்னு... இறங்காதுன்னு நெனச்சுக்கிட்டேன்."

முதல் வரிசை வீடுகளுக்கு ஏற்கெனவே ஆட்கள் குடிவந்துவிட்டார்கள். சமைக்கிறார்கள், குடிக்கிறார்கள். பூங்காவில் அஸ்திவாரம் தோண்டி, ஒன்றும் இல்லை என்று கண்டு, வதந்தி பொய் என்று எல்லோரும் நிம்மதியாக அந்தத் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்திருப்பார்கள். உண்மையான இடம் உலகத்தில் ஒரே ஒரு மனிதனின் தலைக்குள் இருந்தது. அந்தத் தலையும் இன்னும் எத்தனை நாளுக்கு?

"ஹலோ? ஹலோ? என்ன சொன்னாரு? தொட்டியா?" போனில் பொறியாளரின் குரல் கீச்சிட்டது. பிறகு அவர் யாரையோ கூப்பிட்டபடி ஓடும் சத்தம் கேட்டது. "வால்வு ரூம் சாவி பம்ப் ஆபரேட்டர்கிட்ட இருக்கு, ஆள் வெளியூர் போயிருக்கான். நான் கரண்டை நிறுத்தச் சொல்றேன். ஆனா மேல தொட்டியில ஏத்தினது குழாய்ல வந்துட்டே இருக்கும். நீங்க இங்க வாங்க. அந்த ஆளைக் கூட்டிட்டு வாங்க, சரியான இடத்தைக் காட்டணும்."

ஒரே காரில் போனார்கள். மகள் முன் இருக்கையில் ரேடியோவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். பின்னால் வக்கீலும் சென்டர் சாரும். ஒரு சிக்னலில் ரேடியோ கண்ணாடியில் பின்னால் பார்த்தாள். பெரியவர் மகளின் தலைமுடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிக்கு விழுந்த அந்த முடியை. இவரை வெறுக்க வேண்டும் என்று ரேடியோ எவ்வளவோ முயன்றாள். வெறுக்கவும் செய்தாள். ஆனால் வக்கீல் சொன்னது சரிதான், அன்று அழுததும் பொய் இல்லை. இரண்டும் ஒரே ஆளுக்குள் எப்படி இருக்கிறது என்றுதான் அவளுக்குப் புரியவில்லை. புரியாததால் பயமாக இருந்தது.

குடியிருப்பில் புதுச் சுண்ணாம்பு வாசனை இன்னும் போகவில்லை. ஜன்னல்களில் துணி காய்ந்தது. முதல் வரிசையின் கோடியில் பொதுக் குழாயடியில் ஒரு பெண், இடுப்பில் குழந்தையோடு, வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது.

கார் நிற்கவில்லை. அதற்குள் பின்கதவு திறந்தது.

"சார்! விழுந்துடுவீங்க!" என்று வக்கீல் கத்தினார்.

சென்டர் சார் இறங்கி ஓடினார். அந்த வயதில், அந்தச் செருப்போடு. ஒரு செருப்பு கழன்று கிடந்தது, திரும்பிப் பார்க்கவில்லை. குழாயடிக்குப் போய், அந்தப் பெண்ணை ஒதுக்கிவிட்டு, வாளியைக் காலால் கவிழ்த்தார். இரண்டு கையாலும் குழாயை முறுக்கி மூடினார். மூடிய பிறகும் முறுக்கினார்.

"என்னய்யா இது, பைத்தியமா உனக்கு?" என்று அந்தப் பெண் அலறினாள்.

அவர் குழாயைப் பிடித்தபடியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டார். "குடிக்காதீங்கம்மா" என்று மட்டும் சொன்னார். "குடிக்காதீங்க." வேறு ஒன்றும் அவர் வாயில் வரவில்லை. பூங்காவின் பக்கமிருந்து பொறியாளரும் இரண்டு ஆட்களும் ஓடி வந்துகொண்டிருந்தார்கள்.

மகள் காரிலேயே உட்கார்ந்திருந்தாள். ரேடியோ அவள் தோளைத் தொடலாமா என்று யோசித்து, தொடாமல் இருந்தாள். பிறகு அவள் தானாகவே கதவைத் திறந்து இறங்கினாள். அப்பாவைத் தாண்டிப் போனாள், நிற்கவில்லை. முதல் வீட்டின் கதவைத் தட்டினாள். அடுப்படியிலிருந்து ஒரு நடுத்தர வயதுப் பெண் கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, குழாய்த் தண்ணியைக் குடிக்காதீங்க. சமைச்சதையும் கொட்டிடுங்க. தண்ணியில விஷம் இருக்கலாம். பக்கத்து வீட்லயும் சொல்லுங்க."

"யாரும்மா நீ? நகராட்சியா?"

அவள் திரும்பிக் குழாயடியைப் பார்த்தாள். அங்கே கூட்டம் சேர ஆரம்பித்திருந்தது. கூட்டத்தின் கால்களுக்கு நடுவே, ஈரத்தில் உட்கார்ந்திருந்த மனிதரின் நரைத்த தலை தெரிந்தது.

"இல்லக்கா" என்றாள். "நான் அவரோட பொண்ணு."